பேராசிரியர் வந்திருந்த பொன்னுருக்கு

எங்கள் குடும்பத்துப் பொன்னுருக்கு ஒன்றில் ஜப்பான்காரர் வந்து அமர்ந்தது என் சித்தப்பாவின் கல்யாணத்தில் மட்டும்தான். அவர் அப்பாவின் உலோகவியல் பேராசிரியர். இளவயதில் ஜப்பானில் ஓர் இரும்பாலையில் வேலை பார்த்து, பிறகு டொரோண்டோவுக்கு வந்து, உருகிய உலோகம் எப்படி உறைகிறது என்ற ஒரே கேள்வியோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர். அவரிடம்தான் அப்பா முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆதாரமில்லாத ஒரு வரியைக்கூட அவர் விடமாட்டார். அப்பாவின் கட்டுரைகள் வீட்டுக்கு வரும்போது எழுத்தைவிடச் சிவப்பு மைதான் அதிகமாக இருக்கும்.

தாலிக்கான பொன்னை மாப்பிள்ளை வீட்டில் உருக்குவது எங்கள் வழக்கம். டொரோண்டோவின் ரூஜ் பகுதியிலிருந்த பெரிய மாமி வீட்டுக்குள் உருக்கினால் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்று கராஜில் கோலம் போட்டுக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மாமி அப்பாவின் மூத்த அக்கா. சித்தப்பா தானே தேடிக்கொண்ட பெண்ணை அவருக்குப் பிடிக்கவில்லை. கல்யாணத்தை நிறுத்த ஒரு சாட்டுக்காகக் காத்திருந்தார்.

நகை செய்யும் பத்தர் தங்கக் காசை உருக்கி, ஆறவிட்டுத் தட்டில் வைத்தார். ஒரே உருண்டையாக வரவேண்டிய அது இரண்டு உருண்டைகளாகக் கிடந்தது.

"ரெண்டாப் போச்சு. உது சரிவராது. கலியாணத்தை நிப்பாட்டுங்கோ," என்றார் மாமி.

சித்தப்பாவின் முகம் செத்துப்போயிற்று. ஒன்பது வயதுக்காரியான எனக்கும் அழுகை வந்தது. கல்யாணத்துக்கென்று புதுச் சட்டை வாங்கியிருந்தேன்.

பேராசிரியர் விஷயத்தை அப்பாவிடம் கேட்டறிந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். எனக்கு அது விளங்கியது, மாமிக்கு விளங்கவில்லை. பேராசிரியர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு கணம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார்.

"சுத்தத் தங்கம் எண்டால் இப்பிடித்தான் பிரியுமாம், அக்கா. கலப்படம்தான் ஒண்டாய்க் கிடக்குமாம்."

முப்பது வருடப் படிப்போடு மாமி எப்படி வாதாடுவார்? பத்தர் மட்டும் ஏனோ இருமிக்கொண்டே இருந்தார். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. சுத்தத் தங்கம் பிரியும் என்ற இந்த உண்மையை நான் பள்ளிக்கூட விஞ்ஞானப் பாடத்தில் எழுத, ஆசிரியை வெட்டிவிட்டார். அவருக்கு உலோகம் தெரியாது என்று முடிவு கட்டினேன்.

பிறகு நானும் அதே துறையில் படித்தேன். அப்போதுதான் தெரிந்தது, அப்படி ஒரு விதியே கிடையாது; சூடு போதாவிட்டால் எந்தத் தங்கமும் ஒன்றுசேராது. அப்பாவிடம் கேட்டேன். "எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார்.

ஆதாரமில்லாத ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் பேராசிரியர் தன் மாணவனின் முகத்தை ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அப்பா அந்த வரியை வெட்டவில்லை.