அம்பு ஒட்டிய பொம்மை

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண்ணின் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன்.

பதறாதீர்கள். அவள் உயரம் பதினொன்றரை அங்குலம். பெயர் தாரா. பொம்மை.

இடம், சந்தாபுராவில் ஒரு பொம்மைக் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். கீழே குடோன், மாடியில் இரண்டு அறை, ஒரு நீள மேஜை. நடத்துபவர் ஸ்வேதா என்ற சின்ன வயதுப் பெண். கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அவர் கொண்டுவரப் போகும் முதல் ஃபேஷன் பொம்மைதான் தாரா. மாநிறம், இடுப்பு வரை கூந்தல், குர்தா, லெகிங்ஸ், கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு, கையில் ஹெல்மெட். காலையில் ஓசூர் ரோட்டில் ஸ்கூட்டரில் போகும் பெண்களில் ஒருத்தியைப் பிடித்து அப்படியே சுருக்கியது போல இருந்தாள்.

இதில் நான் எங்கே வந்தேன்? தனத்தால் வந்தேன்.

தனமும் நானும் ஹெப்பகோடியில் ஒரே கார்மென்ட்ஸில் வேலை பார்த்தவர்கள். அவள் டெய்லர். நான் ஃபைனல் செக்கர். அவள் தைப்பாள், நான் அதில் குற்றம் கண்டுபிடிப்பேன். இப்படிப்பட்ட இரண்டு பேருக்குள் சிநேகிதம் எப்படி வளரும் என்று கேட்காதீர்கள்... வளர்ந்தது. யூனிட்டை மூடிய பிறகு நான் வீட்டோடு இருந்துவிட்டேன், வாரம் ஒரு முறை உங்களோடு பேசுவதைத் தவிர. தனம் அப்படி இருக்கவில்லை. கூட வேலை பார்த்த நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு அடுகோடியில் இரண்டு அறை பிடித்து மெஷின் போட்டாள். ஸ்கூல் யூனிஃபார்ம், ஜாக்கெட், புடவைக்கு ஃபால்ஸ் — கிடைத்ததைத் தைத்தார்கள். கிடைக்காத நாளில் மெஷினுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார்கள்.

தாராவின் துணி தனம் தைத்தது. ஸ்வேதா மேடம் சொல்லியிருந்தது இதுதான். பொம்மை சேர்க்கும் ஒரு குழந்தை, பொம்மை சேர்க்கும் ஒரு பெரியவர் — இரண்டு பேரும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் சரி என்றால் தாராவின் துணி வேலை மொத்தமும் தனத்தின் அறைக்கு வரும். ஒருவர் வேண்டாம் என்றாலும், வெளியூரிலிருந்து ரெடிமேடாக வரவழைத்துவிடுவார். ஐந்து பெண்களுக்கு அந்த ஞாயிறுதான் பரீட்சை.

"நீ சும்மா வந்து பக்கத்துல குந்திக்க ராணி. யாராச்சும் கேட்டா, நல்லா கீதுன்னு ஒரு வார்த்த சொல்லு. வேற எதுவும் வாணாம்."

பஸ்ஸிலேயே தனம் எனக்குப் பாடம் சொல்லிவிட்டாள். எனக்கும் அதுதான் வசதி. வெளியாள் நாலு பேர் இருந்தால் ஒரு வார்த்தைக்கு மேல் எனக்கு வராது.

பெரியவர், ரகுராம் சார். பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர். ஜெயநகரில் அவர் வீட்டில் ஓர் அறை முழுக்கக் கண்ணாடி அலமாரியாம், அதில் பொம்மைகளாம். சொல்லும்போது கொஞ்சமும் கூச்சப்படவில்லை. தபால்தலை சேர்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை, பொம்மைக்கு மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்றார். நியாயம்தானே?

குழந்தை, ஷ்ரேயா. ஐந்தாம் வகுப்பு. அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். அவளிடம் முப்பத்தொரு பொம்மைகள். யார் யாருக்கு அக்கா, யாரோடு யார் பேசுவதில்லை என்பது வரை ஒப்பித்தாள். 

ஸ்வேதா மேடம் பெட்டியை மேஜையில் வைத்தார். "நீங்க செக்கர்னு தனம் சொன்னாங்க. நீங்களும் பாருங்க, பரவாயில்ல" என்று என் பக்கம் தள்ளினார்.

என் கைக்குத் தெரிந்ததைக் கை செய்தது. கத்தரியை எடுத்தேன். டேப்பை வெட்டினேன். மூடியைப் பிரித்துப் பொம்மையை வெளியே எடுத்தேன். எங்கள் வேலையில் பெட்டி என்றால் அதுதான். உள்ளே இருப்பதைப் பார்ப்பதற்காக வெட்டுவது.

ரகுராம் சார் கண்ணை மூடிக்கொண்டார். யாரோ செத்துவிட்டது போல.

அப்புறம்தான் விளங்கியது. பெரியவர்களுக்குப் பெட்டியும் சேர்ந்ததுதான் பொம்மை. பிரிக்காத பெட்டிக்கு ஒரு மரியாதை, பிரித்ததற்கு வேறு மரியாதை. வாங்கி வருஷக்கணக்கில் பிரிக்காமலே வைத்திருப்பவர்கள் உண்டாம். பெட்டியின் மூலை நசுங்கினாலே அவர்களுக்குத் தூக்கம் போய்விடுமாம். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் ஷ்ரேயாவுக்கு ஒரு சந்தேகம்.

"பிரிக்காம எப்படி அங்கிள் விளையாடறது?"

"விளையாடறதுக்கு இல்லம்மா. வெச்சுக்கறதுக்கு."

"வெச்சுக்கிட்டு?"

சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

நல்லவேளை, மேடத்திடம் இன்னொரு பெட்டி இருந்தது. சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருப்தி அடைந்தார். பிறகு நான் பிரித்த தாராவைக் கையில் எடுத்தார். அவர் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் அச்சாகியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். வகிட்டைப் பிரித்து, முடி நெருக்கமாக நட்டிருக்கிறதா, மண்டை தெரிகிறதா என்று பார்த்தார். முழங்கை, முழங்கால் மடக்கினார். ஸ்டாண்ட் இல்லாமல் நிறுத்தினார்... மூன்று விநாடி நின்றாள், விழுந்தாள். "பரவாயில்லை, பல பேர் ஒரு விநாடிகூட நிக்கமாட்டாங்க" என்றார். பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் கண்ணாடி போட்ட என் தங்கை நின்றதுகூட இவ்வளவு கடுமையாக இல்லை.

பிறகு துணி. அது என் கைக்கு வந்தது. அப்போதுதான் முடியை முன்பக்கம் ஒதுக்கிவிட்டு, குர்தாவைக் கழற்றித் திருப்பினேன். வெளிப்பக்கம் எல்லாரும் அழகாகத்தான் தைப்பார்கள். உண்மை உள்பக்கத்தில் இருக்கும்.

என்ன சொல்ல! அரை விரல் அகலத்தில் ஒரு காலர். அதன் ஓரத்தில் தையல், எறும்பு வரிசை போல. பொம்மைத் துணியில் பெரிய பூப் போட்ட துணியை எடுத்தால் ஜன்னல் திரையைச் சுற்றிக்கொண்டது போல ஆகிவிடும். தனம் கடுகு மாதிரிப் புள்ளி போட்ட துணியாகத் தேடிப் பிடித்திருந்தாள். உள்ளே ஒரு நூல் தொங்கவில்லை. பக்கத்தில் ஒரு பாக்கெட், நிஜ பாக்கெட். ஷ்ரேயா அதற்குள் ஒரு வேர்க்கடலையைப் போட்டுப் பார்த்தாள். போயிற்று.

லெகிங்ஸ் அடர்ந்த மெரூன். அதைப் பார்த்ததும் சார் முகம் மாறியது. இப்படி ஒரு நிறத்தால்தான் அவருடைய பொம்மை ஒன்றின் கால் சாயம் பிடித்துக் கெட்டுப்போயிற்றாம். நான் வெள்ளைத் துணியை நனைத்து லெகிங்ஸின் மேல் அழுத்தித் தேய்த்தேன், ஃபேக்டரியில் செய்வது போல. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

"மூணு வாட்டி உப்புத் தண்ணில போட்டேன் சார்" என்றாள் தனம், மெதுவாக. சார் தலையசைத்தார். பெரியவர் பாஸ் போட்டாயிற்று.

மேஜைக்கு அடியில் தனம் என் காலைச் சந்தோஷமாக மிதித்தாள். அப்போதுதான் குர்தாவின் முதுகைக் கவனித்தேன்.

முதுகில் வெல்க்ரோ. ஒட்டிப் பிரிக்கும் அந்தப் பட்டை. அதன் முரட்டுப் பக்கம் சின்னச் சின்னக் கொக்கிகளாக இருக்கும் அல்லவா? தாராவுக்கு இடுப்பு வரை முடி. மூடியிருக்கும்போது ஒன்றும் தெரியாது. பிரித்த நிமிஷம், கொக்கிகள் முடியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை கழற்றினால் பத்து முடி. ஒரு வாரம் விளையாடினால் பின்னந்தலை சிக்குப் பிடித்த தேங்காய் நார்தான். அலமாரியில் நிற்கும் பொம்மைக்கு அது எந்த நாளும் தெரியப்போவதில்லை. குழந்தையின் கைக்குத் தெரியும்.

ஷ்ரேயா இன்னும் கவனிக்கவில்லை. அவள் ஹெல்மெட்டில் மூழ்கியிருந்தாள். மேடம் கவனிக்கவில்லை. சார் பாஸ் போட்டுவிட்டார். நல்லா கீது... அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் முடிந்தது. ஐந்து மெஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

சொல்லலாம்தான். ஆனால் அது என் வாயிலிருந்து வரவில்லை. குற்றத்தைச் சொல்லவும் வாய் வரவில்லை. என் கை கைப்பைக்குள் போயிற்று.

செக்கர் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அம்பு ஸ்டிக்கர். சிவப்பாக, நகத்தளவு இருக்கும். குறை எங்கே இருக்கிறதோ அங்கே அம்பின் முனை இருக்கும்படி ஒட்டிவிட வேண்டும். யாரையும் திட்ட வேண்டாம், யாரிடமும் விளக்க வேண்டாம். என் வேலைக்காலம் முழுக்க எனக்குப் பதிலாகப் பேசியது அந்த அம்புதான். யூனிட் மூடிய பிறகும் ஒரு தாள் பையில் கிடந்தது. ஒன்றை உரித்தேன். வெல்க்ரோவில் ஒட்டினேன்.

தனம் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

"இன்னாடி இது" என்றாள். அவ்வளவுதான்.

மேடம் என்னவென்று கேட்டார். நான் பொம்மைக்குக் குர்தாவைப் போட்டு ஷ்ரேயாவிடம் கொடுத்து, கழற்றச் சொல்லி ஜாடை காட்டினேன். அவள் சர்ரென்று இழுத்தாள். பட்டையோடு ஒரு கொத்து முடி வந்தது. 

"ஆண்ட்டி, இவளுக்கு வலிக்கும்" என்றாள் ஷ்ரேயா.

மேடத்தின் முகம் தொங்கிவிட்டது. இதற்கு முன்பே யோசித்திருக்க வேண்டும் என்றோ என்னவோ கன்னடத்தில் முணுமுணுத்தார். போனைக் கையில் எடுத்தார். வெளியூர் ஆளுக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. தனத்துக்கும் தோன்றியிருக்கும்.

"டீ குடிக்கிற டைம் குடுங்க மேடம்" என்றாள் தனம்.

அளவு சரியில்லையென்றால் மாற்றுவதற்காக, முதுகு மூடாத இன்னொரு குர்தாவைப் பையில் கொண்டுவந்திருந்தாள். பர்ஸிலிருந்து ஊசி வந்தது, நூல் வந்தது, ஜாக்கெட்டுக்கு வைக்கும் டிச் பட்டனில் இருப்பதிலேயே சின்ன சைஸ் மூன்று வந்தன. ஜன்னல் பக்கம் போய் நின்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் டீயை நீட்டினேன், வாங்கவில்லை. ஆறிப்போயிற்று. அவள் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பட்டனுக்கு எட்டுத் தையல். முடிச்சு உள்ளே போய் மறைந்தது. மனசுக்குள் கோபம் இருக்கும் கையா அது? ஒரு தையல்கூடக் கோபப்படவில்லை.

ஷ்ரேயா புதுக் குர்தாவைப் போட்டாள். தாராவின் கை உள்ளே போகும்போது கட்டைவிரல் துணியில் மாட்டியது. ஆனால் அவள் பிஸ்கட் கவரிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துப் பொம்மையின் கையில் சுற்றினாள். கை வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. எல்லாப் பொம்மைக்கும் இப்படித்தான் செய்ய வேண்டும், உங்களுக்குத் தெரியாதா என்று எங்களைக் கேட்டாள். டக், டக், டக். மூன்று பட்டனும் பூட்டின. கழற்றினாள். போட்டாள். ஆறு தடவை. ஒரு முடி வரவில்லை.

"இவ ஓகே" என்றாள். "முப்பத்திரண்டாவது."

சின்னவரும் பாஸ்.

கூத்து அதற்குப் பிறகுதான். ரகுராம் சார் மெதுவாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அந்தப் பழைய வெல்க்ரோ குர்தாவைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டார். அந்தப் பிரிக்காத பெட்டியோடு. அம்பு ஸ்டிக்கரோடு. "தயவு செய்து அதை உரிச்சுடாதீங்கம்மா. உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கும்."

தனத்துக்குத் தாங்கவில்லை. "தப்புப் பண்ண பீஸுக்கா சார் இவ்ளோ கிராக்கி? தெரிஞ்சிருந்தா இன்னும் ரெண்டு தப்பு சேத்துப் பண்ணியிருப்பேனே" என்றாள். அன்று முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள்.

வரும் வழியில் இதையேதான் யோசித்தேன். குழந்தைக்கு வேண்டியது, தினமும் கூட இருக்கிற பொம்மை. சட்டையைக் கழற்றலாம், தலை வாரலாம், கோபித்துக்கொள்ளலாம். பெரியவருக்கு வேண்டியது, வேறு யாரிடமும் இல்லாத பொம்மை. ஒன்றையே இரண்டு பேருக்கும் பிடிக்கிற மாதிரி செய்வது லேசான வேலையா? தனம் ஒரு டீ ஆறும் நேரத்தில் செய்தாள். அதை நான் பார்த்தேன். அந்த மேஜையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததற்காக எனக்கு ஏற்பட்ட பெருமையை, யூனிட்டில் பெஸ்ட் செக்கர் என்று கைதட்டிய நாளில்கூட நான் அனுபவித்ததில்லை.

கிளம்புவதற்கு முன் நடந்ததைச் சொல்லவில்லையே! வேலை உங்களுக்குத்தான் என்று ஸ்வேதா மேடம் சொல்லிவிட்டார். தைத்து வருவதைச் சரிபார்க்க ஆபீஸிலிருந்து ஓர் ஆளை அனுப்புவதாகவும் சொன்னார். அதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசாத தனம், கையை என் தோளில் வைத்தாள். கனமாக வைத்தாள்.

"வேற ஆளு வாணாம் மேடம். இவ பாக்கட்டும். இவ பாக்கலன்னா நான் தெக்கல."

வேலை இந்தத் திங்கட்கிழமை தொடங்கியது. முதல் நாளே ஒன்பது பீஸைத் திருப்பி அனுப்பினேன்.

அதில் ஏழு, தனம் தைத்தது.