சீப்பு எடுக்கும் நாள்

எங்கள் கோபிப் பாலைவனப் பக்கத்தில் சம்பூவைப் போல வாய் உள்ள மேய்ப்பன் கிடையாது. மேய்ச்சல் நிலத்தைக் காக்கச் சொல்லி நகரத்திலிருந்து யார் வந்தாலும் அவன் கூடாரத்துக்குத்தான் கூட்டிவருவார்கள். "வெள்ளாடு புல்லை வேரோட பிடுங்கிடும்ங்க. குறைச்சே ஆகணும்," என்று கண்கலங்கச் சொல்வான். வண்டி மறைந்ததும் புதுக் குட்டிகளைப் பார்த்துப் பூரிப்பான். கேட்டால், "செம்மறிக் கம்பளிய எவன் சீந்துறான்? வெள்ளாடுதான் என் பிள்ளைங்களைப் படிக்க வைக்குது," என்பான். பொய்யில்லை. பக்கத்துக் கூடாரமான எங்களுடையதிலும் அதே கதைதான்.

போன வருஷம் வசந்தம் பிறந்ததும் பிறக்காததுமாக வியாபாரி பூரெவ் ஜீப்பில் வந்தான். வெள்ளாட்டின் அடிமயிரான கேஷ்மியரின் விலை இறங்கப்போகிறது, இப்போதே சீவிக் கொடுங்கள் என்றான். ஆட்டைக் குளிரிலிருந்து காப்பதே அந்த அடிமயிர்தான். அது தானாகக் கழலத் தொடங்கிய பிறகே சீப்பைப் போடவேண்டும். சம்பூவுக்குத் தெரியாததா? அவன் மனைவி யாஞ்சிமா சொல்லத்தான் சொன்னாள்.

"மயிரு இன்னும் விடலய்யா. இழுத்தா ஆடு கத்துது பாரு."

"அது எப்பவும்தான் கத்தும். நீயும் எப்பவும்தான் கத்துற."

சீவிய மயிர் மூட்டை பூரெவின் ஜீப்பில் போன மறுநாள் பனிப்புயல். பழைய கம்பளம், பிள்ளைகளின் ஸ்வெட்டர் என்று கிடைத்ததையெல்லாம் ஆடுகளுக்குக் கட்டினோம். கூடாரத்துக்குள் கொள்ளுமட்டும் அடைத்தோம். புயல் ஓய்ந்தபோது பாதி மந்தை விறைத்துக் கிடந்தது. வாய் ஓயாத சம்பூ, செத்த குட்டியொன்றை மடியில் வைத்து அதன் மேலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தான். அப்போதும் பூரெவ் வந்தான், தோல் வாங்க. தோல் விலையும் இறங்குகிறதாம்.

இந்த வசந்தத்திலும் வந்துவிட்டான், அதே பல்லவியோடு. "சீக்கிரம் சீவிடுங்க அண்ணி, விலை நிக்காது."

மிச்ச ஆடுகளும் போனால் புருஷனும் பெண்டாட்டியும் நகரத்தில் மூட்டை தூக்கவேண்டியதுதான். அப்படியும் சம்பூவின் கை சீப்பைத் தேடியது. யாஞ்சிமா அடுப்பில் டீப் பானையை ஏற்றினாள்.

"சீவலாம் தம்பி. நீங்க ரெண்டு பேரும் அங்கியக் கழட்டி வெச்சிட்டு ஆட்டோட போய் நில்லுங்க. டீ கொதிக்கிற வரைக்கும் பல்லு தந்தியடிக்கலேன்னா நானே சீப்பை எடுக்குறேன்."

பூரெவ் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவனுக்குத் திடீரென்று வேறு ஊரில் அவசர வேலை வந்துவிட்டது. சம்பூ மட்டும் வீம்புக்கு வெறும் சட்டையோடு வெளியே போனான்.

பானை சூடேறுவதற்குள் உள்ளே ஓடிவந்து, அடுப்பைக் கட்டிக்கொள்ளாத குறையாக உட்கார்ந்தான்.

"அடுத்த மாசமே சீவலாம்," என்றான்.