புளி போட்டுத் தேய்த்த ஒலாந்தாக் காசு

ஊறின புளியின் புளிப்பு நெடி மூக்கில் ஏறினால் எனக்கு அந்தக் குசினி ஞாபகம் வரும். அன்று அங்கே இருந்தவர்கள்: அம்மா, புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு டாக்டர் வீட்டுச் சமையல்காரி. அஞ்சலை, அந்த வீட்டுக்கு மீன் கொடுக்கும் வைத்திக்குப்பத்துக்காரி. நான், எட்டு வயது. டாக்டர் உள்ளே படித்துக்கொண்டிருந்தார். அவரை "முசியே" என்போம்.

முப்பதுகளில் ஒரு கார்த்திகை மாதம். அடித்த புயலில் அஞ்சலை புருஷனின் வலை போய்விட்டது. கடல் அரித்த கரையில், மணலுக்கடியிலிருந்து கறுத்த செப்புக்காசுகள் வெளியே வந்திருந்தன. பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

"வலைய எடுத்துக்கிட்டு சில்லறை குடுத்திருக்குதுக்கா கடலு" என்றாள்.

முசியே பழங்காசு வாங்குவார் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்தப் பணத்தில் வலைக்கு நூல் வாங்கவேண்டும். இல்லாவிட்டால் அஞ்சலை புருஷன் சொந்தப் படகைப் போட்டுவிட்டு அடுத்தவன் படகில் கூலிக்கு ஏறவேண்டும். காசை அம்மாவிடம் விட்டுவிட்டு, மீதி மீனை விற்க அஞ்சலை போனாள்.

அம்மா முகம் சுளித்தாள். கிறிஸ்துமஸ் வந்தால் அண்டை வீட்டுச் செம்பையும் சேர்த்துத் துலக்குகிறவள். "அழுக்கோடவா பெரிய மனுசன் கையில குடுக்கறது" என்று புளியும் சாம்பலும் எடுத்தாள். இரண்டு பேரும் தேய்த்தோம். நான்தான் அழுத்தித் தேய்த்தேன். காசெல்லாம் பொன் மாதிரி ஆனது.

முசியே ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். பூதக்கண்ணாடி வைத்தார். பிறகு தன் மேசை இழுப்பறையிலிருந்து அதே மாதிரி ஒரு கறுப்புக் காசை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் அவர் சொன்னது இதுதான்: இவை ஒலாந்தாக்காரன், அதாவது டச்சுக்காரன், அடித்த துட்டு. ஒரு பக்கம் கவை மாதிரி பெரிய எழுத்து, அதன் இரண்டு கையிலும் சின்ன எழுத்து, கீழே வருஷம், மறுபக்கம் சிங்கம். சிங்கத்தின் பிடரி மயிர் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு விலை. பல கை மாறித் தேய்ந்தால் பாதகமில்லை. அந்தக் கறுப்புத்தான் காசின் வயசு. அது போனால் வெறும் செம்பு. தேய்க்காமல் வந்திருந்தால் அத்தனையையும் நல்ல விலைக்கு வாங்கியிருப்பாராம்.

"யார் தேய்ச்சது?" என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "மீன்காரிதான் முசியே. தெரியாம தேய்ச்சிட்டா."

என் நகக்கண்ணில் சாம்பல் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பின்வாசலில் அஞ்சலை காத்திருந்தாள். அம்மா காசைத் திருப்பிக் கொடுத்து, அவருக்குப் பிடிக்கவில்லையாம் என்றாள். அஞ்சலை ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்ளோ பளபளன்னு ஆக்கிக் குடுத்தும் வேணான்னுட்டாரா? நீ என்னாக்கா பண்ணுவ, விடு."

பாத்திரக்கடையில் நிறுத்துப் போட்டாள். வலைக்கு அது எந்த மூலைக்கு? மறுநாள் எங்களுக்கென்று ஒரு வஞ்சிரத் துண்டு கொண்டுவந்தாள். பட்ட பாட்டுக்காம். காசு வாங்கவில்லை. அம்மா குழம்பு வைத்தாள், நான் சாப்பிட்டேன். அந்த ஞாயிறு அம்மா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள், என்ன சொன்னாளோ. என் முறை வந்தபோது நான் இதைச் சொல்லவில்லை.

அஞ்சலையின் புருஷன் கூலிக்கு ஏறினான். குப்புறப் போட்ட படகு வெயிலில் வெடித்து, விறகாகப் போனது.

இப்போது அம்மா இல்லை, அஞ்சலையும் இல்லை. முசியே வீடு ஓட்டலாகிவிட்டது. காசு கிடைத்த கரையில் மணலே இல்லை, கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். போன மாதம் அந்தத் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில், கண்ணாடிக்குள் ஓர் ஒலாந்தாத் துட்டு பார்த்தேன். நல்ல கறுப்பு. பிடரி மயிர் தெரிந்தது. விலை கேட்டேன்.

ஒன்று நானூறு ரூபாய்.