ஒரு சாண் தாழ்ந்த சீட்டு

சென்றாயன் மாமனைப் பற்றிப் பேச வாயைத் திறந்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். யார் மேல் கோபம் என்று கேட்டால் ஊர் மேல், பண்ணையம் மேல், இந்த முறைகளையெல்லாம் ஏற்படுத்தி வைத்துவிட்டுச் செத்துப்போனவர்கள் மேல் என்று அடுக்கிக்கொண்டே போவேன். கடைசியில் அது அவர் மேலேயே வந்து நிற்கும். அவர் என் அத்தை அங்காளம்மாளைக் கட்டியவர். நல்ல மனுஷர். அதனால்தான் கோபம் இன்னும் அதிகம்.

மாமன் சேலத்தில் ஒரு பஸ் கம்பெனியில் டிரைவராக இருந்தவர். பஸ் கழுவுகிற ஆளாகப் போய், ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற ஆளாகி, பிறகு தானே எஞ்சினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸும் வாங்கிவிட்டார். ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குப் போகிற பஸ் அவர் கையில் இருந்தது. நெய் வியாபாரிகள், பட்டு ஜவுளிக்காரர்கள், கோர்ட்டுக்குப் போகிற வக்கீல்கள் எல்லாரும் அவருடைய முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை. டிரைவர் என்றால் அங்கே டிரைவர், அவ்வளவுதான்.

சண்டை வந்தது. ஜெர்மனிக்காரனும் ஜப்பான்காரனும் எங்கேயோ குண்டு போட, பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. கம்பெனி பாதி பஸ்களைக் கொட்டகையில் நிறுத்தியது. மாமன் ஒரு மரப்பெட்டி நிறையச் சாமான்களோடு ஊருக்கு வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. ஸ்டியரிங் பிடித்த கையால் மண்வெட்டி பிடித்தார். மத்தியானம் வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது இடது கால் தானாகவே கிளட்ச் மிதிக்கும் என்று அத்தை சொல்லுவாள். கூட வேலை செய்கிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்களாம்.

கொடிக்கால் மருதாசலத்துடையது. எங்கள் ஆட்கள் நிலக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி அவரைப் பண்ணாடி என்பார்கள். அவருடைய தகப்பனார் செழிப்பாக இருந்த காலத்தில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து பின்னால் தொட்டி வைத்த சின்ன லாரி ஒன்றை வாங்கியிருந்தார். ஒரு வெள்ளாமைக் காலம் ஓடியது. பிறகு எஞ்சின் இறுகிப்போய், பருத்திமார் விறகு அடுக்கிற கூரைச் சாளைக்குள் தள்ளிவிட்டார்கள். சீட்டைக் கரையான் தின்றது. மிச்சமிருந்த இடத்தில் கோழிகள் அடைகாத்தன.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. மாட்டு வண்டியில் ஏற்றின வெற்றிலை நாமக்கல் மண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் வாடிச் சுருண்டது. பஸ்ஸில் போடலாம் என்றால் பஸ் வந்தால்தானே. பண்ணாடிக்குச் சாளைக்குள் கிடந்த லாரி ஞாபகத்துக்கு வந்தது. மாமனைக் கூப்பிட்டு, இது இனிமேல் ஆகுமா என்று கேட்டார். மாமன் கோழிகளை விரட்டிவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டுத் தடவினார். பிறகு வெளியே வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஓட வெச்சுத் தாரனுங்க பண்ணாடி. ஓட்டறதும் நானே ஓட்டோணுமுங்க. நாங் கேக்கறது அது ஒண்ணுதானுங்க."

"உன்ன உட்டா இங்க வேற ஆருடா இருக்கறா?" என்றார் பண்ணாடி. மனதில் எதையும் வைத்துக்கொண்டு அவர் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

அந்த வேலையை மாமன் செய்த விதத்தைக் கேட்டால் யாருக்கும் ஆசையாக இருக்கும். எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயையும் விளக்கெண்ணெயையும் கலந்து ஊற்றி ஊறப் போட்டார். தினமும் வேலைக்கு முன்னால் வந்து, எஞ்சினைச் சுற்றிவிடுகிற ஹாண்டிலைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்ப்பார். ஒருநாள் அது இளகிக் கொடுத்தது. வால்வுகள் புள்ளிப் புள்ளியாக அரித்துப்போயிருந்தன. சொரசொரப்பான தேய்ப்புப் பசை தடவி, உள்ளங்கைக்குள் உருட்டி உருட்டித் தேய்த்தே சரிப்படுத்தினார். ரேடியேட்டரில் குளவி கூடு கட்டியிருந்தது. அதைக் கழுவி எடுத்து, வேலூரில் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரிடம் கொண்டுபோய் ஓட்டைகளை அடைத்தார். சக்கரத்தின் மர ஆரக்கால்கள் காய்ந்து கடகடவென்று ஆடின. வண்டிச் சக்கரத்துக்குச் செய்கிற மாதிரியே வாய்க்காலில் ஊறப் போட்டார். தண்ணீர் குடித்து மரம் உப்பினதும் ஆட்டம் நின்றது. பிரேக்குக்கு ரைஸ்மில்லில் கழித்துப் போட்ட பெல்ட்டை வெட்டி ஆணி அடித்தார். டயர் அந்தக் காலத்தில் தங்கம். கிழிந்த இடத்துக்கு உள்ளே இன்னொரு பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்தார்.

பெட்ரோல் கிடைக்காது, ஆகவே கரியில்தான் ஓட்ட வேண்டும். அடுப்புப் பீப்பாய்க்குள் வேலமரத்துக் கரியைப் போட்டுப் பற்றவைத்து, அதில் வருகிற வாயுவைத் தேங்காய் நாரில் வடிகட்டி எஞ்சினுக்கு விடுகிற ஏற்பாடு. மற்ற லாரிகளில் பீப்பாயைப் பின்னால்தான் மாட்டியிருப்பார்கள். அந்தச் சூட்டில் வெற்றிலை வெந்துபோகும் என்று மாமன் அதைத் தொட்டிக்கு வெளியே ஒரு ஓரமாகத் தொங்கவிட்டார். கரையான் தின்ற சீட்டுக்கு வேப்பம் பலகை இழைத்து, நார் திணித்து, சாக்குத் துணி போர்த்தி, இரண்டு பேர் தாராளமாக உட்காருகிற மாதிரி ஒரே பலகையாகச் செய்தார். அது அவர் செய்த தப்பு என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

எஞ்சின் பிடித்துக்கொண்ட அன்று சாளை முழுக்கப் புகை. அத்தை தூரத்தில் நின்று பார்த்தாளாம். கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை என்பாள். சொல்லும்போது கொஞ்சம் பொறாமையோடுதான் சொல்லுவாள்.

பூசை போட்டார்கள். மாலை கட்டி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாமன் வண்டியை நகர்த்திப் பழங்களை நசுக்கினார். ஊரே கூடி நின்றது. பண்ணாடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபக்கமாக ஏறப் போனார். அப்போது அவருடைய சித்தப்பா சின்னண்ணன் சத்தம் போடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா மருதாசலம், அவனும் நீயும் ஒரே பலகையிலயா உக்காந்து போவீங்க?"

பண்ணாடியின் ஒரு கால் படியிலேயே நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் அவர்கள் எதிரில் நிற்பதுதான் வழக்கம். உட்கார்ந்தால் தரையில் உட்கார வேண்டும். பக்கத்தில், அதே உயரத்தில், தோளோடு தோள் இடிக்க உட்காருவது என்பது அதுவரைக்கும் அங்கே நடந்ததில்லை. நடக்கவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் அதுவரைக்கும் எங்கள் ஆள் ஒருத்தன் அங்கே லாரி ஓட்டியதில்லை. பண்ணாடி பின்பக்கத் தொட்டியில் நாற்காலி போட்டுக்கொண்டு வரலாமே என்றார் ஒருத்தர். வெற்றிலைக் கூடைக்கு நடுவிலா என்று இன்னொருத்தர் கேட்டார். அவன் நின்றுகொண்டே ஓட்டட்டும் என்று சொன்ன அறிவாளியும் அங்கே இருந்தார். "அதனால் என்ன, வண்டியை எடுடா" என்று பண்ணாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் யாரோ கரூரில் நம்ம ஆளிலேயே டிரைவர் கிடைப்பான் என்றார்கள்.

மாமனுக்கு அந்த வார்த்தை போதும். வண்டியை விட்டு இறங்கி, துண்டை இடுப்புக்குக் கொண்டுபோனார்.

"நாந் தாழ உக்காந்துக்கறனுங்க பண்ணாடி. இன்னிக்கே பலகைய அறுத்துடறனுங்க."

தான் இழைத்த பலகையைத் தானே அறுத்தார். தன் பக்கத்துப் பாதியை ஒரு சாண் கீழே இறக்கி அடித்தார். அதில் உட்கார்ந்தால் ஸ்டியரிங் அவருக்கு மோவாய்க்கு வந்தது. ஸ்டியரிங்கின் இடைவெளி வழியாகத்தான் ரோட்டைப் பார்க்க வேண்டும். முன்மூடிக்கு அந்தப் பக்கம் கிட்டத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியவே தெரியாது. சின்னண்ணன் வந்து பார்த்தார். மாமன் தலை பண்ணாடியின் தோளுக்குக் கீழே இருப்பதைக் கண்டு திருப்தியாகத் தலையை ஆட்டினார். பண்ணாடி மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார் என்று அத்தை சொல்லியிருக்கிறாள். திருப்பிக்கொண்டு என்ன புண்ணியம்?

ரோடு தெரிகிறதா என்று அத்தை அன்றைக்கே கேட்டாள். அந்த ரோடு எனக்கு மனப்பாடம் என்றாராம். பண்ணாடி மண்டியிலேயே தங்கிவிட்ட நாட்களில், தனியாகத் திரும்பி வரும்போது சாக்குகளை மடித்துப் போட்டு உயரமாக உட்கார்ந்துகொள்வார். ஊர் எல்லை வருவதற்கு முன்னால் அவற்றை எடுத்துப் பின்னால் வீசிவிடுவார். இது ஊருக்கும் தெரியும், பண்ணாடிக்கும் தெரியும். முதுகு வலியோடுதான் வீட்டுக்கு வருவார். ஆனாலும் பரமத்தியிலும் நாமக்கல்லிலும் அவரைக் கண்டவர்கள் டிரைவரே என்று கூப்பிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக மனுஷர் முதுகைக் கொடுத்தார்.

பங்குனி மாசத்தில் ஒருநாள் வெற்றிலை ஏற்றிக்கொண்டு பண்ணாடியோடு நாமக்கல்லுக்குப் போனார். பரமத்தி தாண்டி ஒரு வளைவு. எங்கள் தெருவைச் சேர்ந்த சாலம்மாள் புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டின் இடது ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். புல்லுக்குள் செருகியிருந்த அரிவாள் நழுவி விழுந்தது. கட்டைக் கீழே போட்டுவிட்டு, அரிவாளை எடுக்கக் குனிந்தாள். பண்ணாடி வயல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். மாமனுக்கு அந்த இடத்தில் வண்டியின் மூடி மட்டும்தான் தெரிந்தது. சத்தம் கேட்டுத்தான் பிரேக்கை மிதித்தார். அதற்குள் சக்கரம் அவள் கால் மேல் ஏறிவிட்டது.

பண்ணாடியும் இறங்கி வந்து தூக்கினார். வெற்றிலைக் கூடைகளின் மேலேயே அவளைப் படுக்க வைத்தார்கள். சரக்கு ரத்தமாகிப் போயிற்றே என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது சாலம்மாளுக்கு நினைவு இருந்தது. மாமன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏஞ் சாமி, நானு உனக்குத் தெரியிலியா?"

"தெரியிலீங்க்கா."

முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டியின் பிரேக்கைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். உடனே இறங்கிவிட்டார். சீட்டை இப்படி இறக்கியது யார், எதற்காக என்று கேட்டார். சாளை வாசலில் சின்னண்ணன் நின்றார், ஊர்க்காரர்கள் நின்றார்கள். பண்ணாடி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவனேதானுங்க அறுத்துக்கிட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. இன்ஸ்பெக்டர் மாமனைப் பார்த்தார். மாமன் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஒரே பலகையில் உட்காரக் கூடாது என்றார்கள், வேறு டிரைவர் வருவான் என்றார்கள், அதனால் அறுத்தேன் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவர் சொன்னது இவ்வளவுதான்.

"ஆமாங்க. நாந்தானுங்க."

கோர்ட்டில் போட்ட அபராதத்தைப் பண்ணாடியே கட்டினார். லைசென்ஸை மட்டும் பிடுங்கிக்கொண்டார்கள். இனிமேல் ஆயுசுக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வண்டி திரும்ப ஓட வேண்டுமானால் சீட்டை உயர்த்திச் சரிசெய்ய வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டிருந்தார். கரூரிலிருந்து டிரைவர் வருகிறான் என்று ஏற்பாடாகிவிட்டது. பண்ணாடிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். அவனும் பண்ணாடியும் ஒரே பலகையில் உட்கார்ந்து போகலாம், யாருக்கும் ஆட்சேபணை இல்லை. சீட்டைச் செய்ய மட்டும் மாமனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

போகக் கூடாது என்று அத்தை குறுக்கே நின்றாள். செய்தால் அந்தக் கையை ஒடித்து அடுப்பில் வைப்பேன் என்றுகூடச் சொன்னாள். மாமன் அவளை ஒதுக்கிவிட்டு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அரைகுறையாகச் செய்துவிட்டு வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருக்கும். முன்னைவிட நன்றாகச் செய்தார். சேலத்திலிருந்து வரவழைத்த ஸ்பிரிங்குகளை வைத்து, நாரைச் சிக்கெடுத்துப் பஞ்சு மாதிரி ஆக்கித் திணித்து, முழுப் பலகையாக ஒரே உயரத்துக்கு நிறுத்தினார்.

கோபம் தாங்காமல் வீட்டில் கிடந்த அத்தை, மத்தியானம் மனசு கேட்காமல் கஞ்சி எடுத்துக்கொண்டு சாளைக்குப் போனாள். வேலை முடிந்திருந்தது. பண்ணாடி வீட்டார் சாப்பிடப் போயிருந்தார்கள். மாமன் மட்டும் டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. நிமிர்ந்த முதுகு. கண்ணாடி வழியாகச் சாளை வாசல், களம், அதற்கு அப்பால் ரோட்டின் இரண்டு ஓரமும் அவருக்குத் தெரிந்திருக்கும். அத்தை கூப்பிடாமல் நின்றாள். அவர் ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்.

பிறகு இறங்கினார். இடுப்பிலிருந்து துண்டை அவிழ்த்து, தான் உட்கார்ந்த இடத்தைத் துடைத்தார். ஒரு தரம் துடைத்துவிட்டு, குனிந்து பார்த்து, மறுபடியும் அழுத்தித் துடைத்தார். துடைக்கச் சொல்லி அங்கே யாரும் இல்லை.

அத்தை கஞ்சியை அவரிடம் கொடுக்காமலே வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.