ஒவ்வொரு வரியிலும் லாஹ்தி

ஆரின் லாஹ்தியின் கணினித் திரையில் மட்டும் தினமும் மூக்கு பட்ட எண்ணெய்த் தடம் இருக்கும். மற்றவர்கள் திரையில் வெறும் தூசிதான். அமெரிக்காவில், பெரிய ஏரிக்கரையில் உள்ள துலூத் துறைமுகத்தைப் பார்த்திருக்கும் அந்த அலுவலகத்தை நான் துடைக்க ஆரம்பித்தபோது, தடம் எப்போதாவதுதான் தென்படும். வருடங்கள் போகப் போகத் தினமும் விழுந்தது. பிறகு கன்னத்தின் தடமும் சேர்ந்துகொண்டது.

அவருடைய பார்வை நடுவிலிருந்து அழிந்துகொண்டே வந்தது. மாதாமாதம் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். வேலை இருந்தால் காப்பீடு, காப்பீடு இருந்தால் ஊசி. ஊசி நின்றால் மிச்சமும் போய்விடும்.

இரும்புத்தாது ஏற்றும் கப்பல் எது, எந்தத் துறையில், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் புரோகிராமைத்தான் அங்கே எழுதினார்கள். அதில் சில வரிகள் உள்தள்ளி நிற்க வேண்டும். லாஹ்தி அதற்கு விசைப்பலகையில் டேப் விசையைத் தட்டுவார். டேப் என்றால், எவ்வளவு தள்ளித் தெரிய வேண்டும் என்பதை அவரவர், புரோகிராம் எழுதும் எடிட்டரில் வைத்துக்கொள்ளலாம். உள்ளங்கை அகல எழுத்தில் படிக்கும் அவர் ஒரே ஓர் எழுத்தளவுதான் வைத்திருந்தார். ஸ்பேஸ் அடித்துத் தள்ளினால் அந்த வசதி இல்லை. வரி அவர் திரைக்கு வெளியே ஓடிவிடும். காபி ஊற்றிக்கொள்ள வரும்போது அவரே எனக்குச் சொன்னது இது.

ட்ரெண்ட் ஹாகலின் அவர்களுக்குத் தலைவனாக வந்தான். இனி டேப் கிடையாது, எல்லோரும் நாலு ஸ்பேஸ் என்றான். சமையலறையில் நின்றபடி கூட்டம் நடந்தது.

"எனக்குப் பாதி வரி தெரியாது, ட்ரெண்ட். டேப்பா இருந்தா உங்களுக்கு ஒண்ணும் குறையாதே," என்றார் லாஹ்தி.

"பெருசு, உங்க கண்ணுக்காக நாங்க எல்லாரும் மாறணுமா? பேசாம அந்தச் சுவரையே திரையா வெச்சுக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அவர் மேசையில் குழந்தைகளின் எழுத்துக்கட்டைகள் வரிசையாக இருந்தன. லாஹ்தி அவற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையால் ஓரம் தள்ளினார்.

அவர் தன் எடிட்டரில் ஒரு வழி செய்துகொண்டார். கோப்பைத் திறந்தால் ஸ்பேஸெல்லாம் டேப்பாக மாறும். சேமித்தால் திரும்ப நாலு ஸ்பேஸாகிவிடும். குளிர்காலம் முழுக்க அப்படியே ஓடியது.

ஏப்ரலில் அவர் ஊசிக்குப் போயிருந்த நாளில் ட்ரெண்ட் எல்லாக் கோப்பிலும் நாலு ஸ்பேஸை இரண்டாக்கினான். கூட்டத்தில் சொன்னான், அவருக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலை லாஹ்தி ஒரே ஒரு வரியைத் திருத்திச் சேமித்தார். அவருடைய எடிட்டர் கோப்பு முழுவதையும் நாலாக்கி எழுதியது. யார் எந்த வரியைக் கடைசியாகத் தொட்டார்கள் என்று காட்டும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை லாஹ்தி, லாஹ்தி, லாஹ்தி.

அந்த வாரமே இரண்டு கப்பல்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே துறை விழுந்தது. ஒன்று ஏரியில் ஒரு நாள் முழுக்கக் காத்துக் கிடந்தது. தப்பான வரியைத் தேடினார்கள். அதன் பக்கத்தில் லாஹ்தியின் பெயர் இருந்தது.

நான் சிங்க்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். ட்ரெண்ட் நண்பனிடம் சொன்னான்: "அது நான் எழுதினதுடா. இப்ப பாரு, பெருசு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாரு." என் எதிரில் பேசுவதற்கு அங்கே யாரும் தயங்குவதில்லை.

லாஹ்தியிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கீழே உள்ள பழைய பதிவுகளுக்குப் போனால் முதலில் எழுதியவன் பெயர் இருக்கும் என்றார். முதலாளி மார்லிஸ் க்விஸ்டிடம் போனார். கதவு திறந்தே இருந்தது.

"கீழ இருக்கறதை ஒரு தடவை பாருங்க, மார்லிஸ். அது என் வரி இல்லை."

"இருக்கட்டும், ஆரின். மொத்தக் கோப்பும் மாறியிருக்கு, நீங்க பாக்கலையே. கண்ணு தெரியலைன்னு நீங்கதானே எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தீங்க?"

மார்லிஸ் திரைப் பக்கம் திரும்பவே இல்லை. மதியத்துக்குள் லாஹ்தியின் பொருட்கள் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போயின. எழுத்துக்கட்டைகளையும் யாரோ உள்ளே போட்டிருந்தார்கள்.

இப்போது லாஹ்தி ஹிப்பிங் ஊரில் தங்கை வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கிறார். ஊசி நின்று எட்டு மாதமாகிறது, முகங்கள் தெரிவதில்லை. அவருடைய பெரிய திரையை ட்ரெண்ட் எடுத்துக்கொண்டான். அந்தக் கோப்பில் இன்னும் அவர் பெயர்தான். ஏதாவது கெட்டுப்போனால் பெருசு வேலை என்று சொல்லிச் சிரிக்கிறார்கள்.