நோட்டில் இல்லாத வசனம்

எங்கள் ஊர் ஓடைப்பட்டிப் பக்கம். திருவிழாவுக்கு வருஷாவருஷம் ஒரே நாடகத்தைத்தான் போடுவார்கள். சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கிற ஒருவனும் ஒருத்தியும், நடுவில் ஒரு அசட்டு மாமன், கடைசியில் மாலையும் கழுத்துமாக ஒரு கல்யாணம். சனங்களுக்கு வசனமெல்லாம் மனப்பாடம். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று தெரிந்து, முன்கூட்டியே சிரிப்பார்கள்.

வழக்கமான கதாநாயகன் வெளிநாட்டுக்குப் போய்விட்டதால் போன வருஷம் அந்த வேஷம் என் வீட்டுக்காரருக்கு வந்தது. வயசு நாற்பத்தெட்டு. திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு வந்தால் காலைக்கூடக் கழுவாமல் சாய்கிற மனுஷன், மீசைக்கு மை பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்பார்கள். எங்களுக்கு அந்தத் தொண்ணூறும் முடிந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. எனக்குச் சந்தேகம் வருமா வராதா?

ஆண் வேஷமெல்லாம் உள்ளூர்க்காரர்கள். கதாநாயகி மட்டும் திண்டுக்கல்லிலிருந்து வருவாள். முதல் ஒத்திகைக்கு ஒரு நாள், கடைசி ஒத்திகைக்கு ஒரு நாள், அப்புறம் நேரே மேடைதான். நடுவில் பழகுவதற்கு, முன்னெல்லாம் யாராவது ஒரு மீசைக்காரர் அவள் வசனத்தைப் படிப்பார். இப்போது அவளே வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்பிவிடுகிறாள். இந்தப் புது ஏற்பாடு எனக்குத் தெரியாது. அவர் குளிக்கப் போன நேரம் சார்ஜில் கிடந்த போனை எடுத்து அமுக்கினேன். “உங்க நிழல்ல நின்னா எனக்கு வெயிலே தெரியலைங்க” என்றது ஒரு பெண்குரல். “யாருய்யா இவ?” என்று குளியலறை வாசலில் நின்று கத்தினேன்.

“அட கிறுக்கி, நாடக வசனம்டி” என்று ஈரத்தலையோடு வந்து நோட்டைப் பிரித்துக் காட்டினார். இருந்தது. அதற்காக நம்பிவிடுவேனா? அன்றிலிருந்து அவர் குளிக்கப் போகும்போதெல்லாம் போனை ஒரு கையிலும் நோட்டை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாக ஒத்துப் பார்த்துப் பென்சிலால் டிக் அடித்தேன். ஒரு சொல் பிசகவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே? இல்லை. பாவி மகள், நோட்டைத் தாண்டாமலே எப்படி இவ்வளவு உருகுகிறாள் என்று அதிலும் ஒரு சந்தேகம்.

திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒன்று வந்தது.

“இன்னும் வீட்ல சொல்லலையா? எத்தனை நாளைக்குத்தான் மறைப்பீங்க? எனக்குப் பயமா இருக்கு. கடைசி ஒத்திகைக்கு வர்றப்ப நானே சொல்லிருவேன்.”

நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். கடைசியிலிருந்து புரட்டினேன். அவர் தலைகாட்டாத காட்சிகளிலும் தேடினேன். அந்த வசனம் எங்கேயும் இல்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. அவரையே கவனித்தேன். பாதிச் சோற்றில் எழுந்தார். அவள் நினைப்பு என்று நினைத்தேன். மோட்டார் போட்டுவிட்டு வரும் வழியில் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். துரைக்குக் கனவு கேட்கிறது என்று நினைத்தேன். ராத்திரி புரண்டு புரண்டு படுத்தார். நான் அழவில்லை. அவள் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கடைசி ஒத்திகை சமுதாயக் கூடத்தில் மத்தியானம் நடந்தது. நேராகப் பின்னறைக்குப் போனேன். அவள் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சைச் சோறு தின்றுகொண்டிருந்தாள். கிட்டத்தட்ட என் வயசு. என்னைப் பார்த்ததும் எழுந்தாள். “நீங்க அவரு வீட்ல இருந்துதானே? அப்பாடா! சொல்லிட்டாராக்கா?”

“என்னத்தச் சொல்லணும்? நீயே சொல்லு, கேப்போம்” என்று முந்தானையை இழுத்துச் செருகினேன்.

“மொத ஒத்திகையன்னிக்கு எல்லாரும் டீக்குப் போயிருந்தாங்க. நாங்க டூயட் பழகிட்டிருந்தோம். என்னத் தூக்க வந்தவரு அப்படியே உக்காந்துட்டாரு. வேர்த்து ஊத்துது, இடது கை மரத்துப்போச்சுங்கிறாரு. நான்தான் ஆட்டோ வச்சு சின்னமனூருக்குக் கூட்டிட்டுப் போனேன். நெஞ்சுல அடைப்பு, மதுரைக்குக் கொண்டுபோங்கன்னாரு டாக்டர். திருவிழா முடியட்டும், வீட்ல சொல்லிராதன்னு கையெடுத்துக் கும்பிட்டாருக்கா. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் மறைச்சாரு. இப்ப அவரு இல்ல.”

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. முதலில் எனக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. காதல் என்றால் அவள் கொண்டையைப் பிடித்து ஆய்ந்திருப்பேன். உயிர்போகிற வலியை இவளிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் படுத்திருந்த என்னிடம் மறைத்திருக்கிறாரே, அதற்கு என்ன செய்வது? பயம் மேடைப்படியில் கால் வைத்தபோதுதான் வந்தது.

“ஏன்யா எங்கிட்டச் சொல்லல?”

ஜிப்பாவும் துண்டுமாக நின்றவர் என்னையும் பார்த்தார், பின்னால் வந்த அவளையும் பார்த்தார். “சொன்னா நடிக்க விடமாட்ட.”

“ஆமா, விடமாட்டேன்தான். எறங்குங்க. மதுரைக்குப் போறோம்.”

“ரெண்டே நாளுத்தா. காப்புக் கட்டியாச்சு, ஊரத் தாண்டக் கூடாது.”

“தாண்டுனா ஆத்தா கேப்பாளா? கேக்கட்டும். அவளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

அந்த ஜிப்பாவோடேயே காரில் ஏற்றினேன். ரெண்டு இடத்தில் அடைப்பு. இன்னும் ரெண்டு நாள் தள்ளியிருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை என்றார் மதுரை டாக்டர். நாடகம் நின்றுவிடவில்லை. வேறொருவர் நோட்டைக் கையில் வைத்துப் படித்தே கதாநாயகனாக நடித்தாராம், சனம் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்ததாம். அதில் இவருக்கு இன்னமும் என் மேல் மனத்தாங்கல்.

நேற்று தோட்டத்திலிருந்து வந்தவர் வாசலில் நின்று நெஞ்சைத் தடவினார். “என்ன செய்யுது?” என்றேன். “ஒண்ணுமில்ல” என்று குளிக்கப் போய்விட்டார். நான் நம்பவில்லை. அவர் போனை எடுத்து அந்தத் திண்டுக்கல்காரியைக் கூப்பிட்டேன்.

“ஏம்மா, உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாகளா?”