சுலோச்சனா சொன்ன முடிவு

மகள் படித்துவிட்டுக் கட்டிலில் போட்டிருந்த தடித்த நாவலை அலமாரியில் வைக்கத்தான் எடுத்தேன். நின்றபடியே நாற்பது பக்கம் ஓடிவிட்டது. நெருப்பை ஏவத் தெரிந்த ஒரு பெண், அரியணைக்கு உரிய இன்னொரு பெண், இருவரும் உயிர்த் தோழிகள். குழம்பு அடிபிடித்து வாசனை வந்த பிறகுதான் கீழே வைத்தேன். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி எடுத்துக்கொண்டேன், அது வேறு விஷயம். ஓரிடத்தில் நெருப்புக்காரி தன் சக்தியில் பாதியைத் தோழிக்குக் கொடுக்கிறாள். அங்கே எனக்குச் சுருக்கென்றது. இந்த வயதில், கதையில் வரும் இரண்டு பெண்களைப் பார்த்துப் பொறாமை! நான் அப்படிக் கொடுத்தவள் இல்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். வாரப் பத்திரிகையில் வந்த ஒரு தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, அம்மா நாலு பாகமாகத் தைத்து வைத்திருந்தாள். அதுவும் மாயக்கதைதான். ஓர் இளவரசியும், ஒரே சொல்லில் ஆற்றை நிறுத்தக்கூடிய ஒரு படகுக்காரன் மகளும். தெருவிலேயே அது எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அந்தக் கர்வம் எனக்கு நிறைய.

எதிர்வீட்டு சுலோச்சனா என் தோழி. எட்டாவதோடு பள்ளியை நிறுத்தி, தறிக்கு நூல் சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள். அவளுக்கு ஒவ்வொரு பாகமாகக் கொடுப்பேன். பக்கம் மடிக்கக் கூடாது, எண்ணெய்க் கை படக் கூடாது, இரண்டே நாளில் திருப்பித் தர வேண்டும். அத்தனை சட்டம்! "ஆவட்டும் மகாராணி" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள்.

ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது அவள் வீட்டில் எட்டிப் பார்த்தேன். ஈரப் பட்டுநூல் வாசனை. ஏழெட்டுப் பெண்கள் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சுலோச்சனா, என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நம்ம கமண்டல நாகநதியில ரெண்டு கரையும் தொட்டுகினு தண்ணி போவுது. படகுக்காரன் பொண்ணு கையத் தூக்குறா. நில்லுன்றா..."

ராட்டைகள் அத்தனையும் நின்றன.

நான் படித்துக் காட்டினால் தம்பிகூடத் தூங்கிப்போவான். எனக்கு வயிறு எரிந்தது.

"நம்ம ஊரு ஆறெல்லாம் புக்குல இல்ல. இவளா புளுகறா" என்றேன் வாசலில் நின்றபடி.

"இல்லன்னா இன்னாம்மா? கேக்க நல்லாத்தானே கீது. நீயும் கம்னு ஒக்காந்து கேளு" என்றாள் சுலோச்சனாவின் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். சுலோச்சனா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் கடைசிப் பாகம் கேட்டு வந்தாள்.

"காணோம்டி" என்றேன்.

அது அவள் கண்ணுக்கு நேரே மேசையில்தான் கிடந்தது. அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"சரி, நானே முடிச்சிக்கிறேன்."

முடித்தாள். மூன்று நாள் சொன்னாளாம். எங்கள் அம்மாகூடப் போய்க் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அந்தப் பொண்ணு கடைசியில இன்னா பண்றா தெரியுமா?" என்று ஆரம்பித்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று காதைப் பொத்திக்கொண்டேன். அப்படி ஒரு வீம்பு.

அடுத்த தையில் தேவிகாபுரத்து மாப்பிள்ளையோடு அவளுக்குக் கல்யாணம். பரீட்சை என்று பொய் சொல்லி நான் போகவில்லை. சில வருடம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. நலம் விசாரிக்கக்கூடத் தோன்றாமல், "அந்தக் கதைய எப்படிடி முடிச்ச?" என்றேன்.

"எந்தக் கதை?" என்று யோசித்தவள், பிறகு சிரித்துவிட்டாள். "அய்யே, அதெல்லாம் இப்ப யாருக்கு ஞாபகம் கீது? வாய்க்கு வந்ததச் சொல்லிகினு இருந்தேன்."

பஸ் நகர்ந்தது. ஓடி ஏறிக்கொண்டாள். அதன்பிறகு அவளை நான் பார்க்கவில்லை.

அம்மா தைத்த பாகங்களைக் கரையான் தின்றுவிட்டது. அச்சில் வந்த முடிவை நான் படித்தேன், ஒரு வரிகூட நினைவில்லை. சுலோச்சனாவின் முடிவைக் கேட்டு அழுத அம்மாவும், நான் வீம்பை விட்டுக் கேட்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆற்றை நிறுத்திய அந்தப் பெண் கடைசியில் என்ன செய்தாள் என்று எனக்குச் சொல்ல, இனி யாரும் இல்லை.